ஒன்பது கோலேக்கும் ஒரு கட்டுமரமும்

மெர்சிங்கிலிருந்து எண்டாவ் வரை நடக்கும் பாய்ப்படகுப் பந்தயத்தைப் பார்க்கப் போகலாமா என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். போகலாம். ஆனால் நான் போனதுபோலப் போக வேண்டாம். சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பந்தயத்தைக் கரையிலிருந்து பார்க்கவென்று புறப்பட்டவன், தண்ணீரில் உட்கார்ந்து முடித்தேன். முதுகுத் தோல் உரிந்து இப்போதுதான் ஆறியிருக்கிறது.

நான் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இல்லை. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் பெயர்ப் பட்டியலைத் துரை கேட்பார், நான் எழுதிக் கொடுப்பேன். அது ஒன்றுதான் ஏறக்குறைய ஒரு வருடமாக என் வேலை. ஒவ்வொரு முறையும் லாரி புறப்படும்போது ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். தூக்கம் வராது, வந்தாலும் தீராது.

முதல் பட்டியலில் இருந்த சூசை என்பவன் லாரியில் ஏறவில்லை. அவனும் மனைவி மரியாயியும் விடிவதற்கு முன்பே தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து மெர்சிங்கிலிருந்து அவன் யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் வந்தது. ரோடு போடும் வேலையில் இருந்தானாம். அதுவும் நின்றுவிட்டதாம். வேலையில்லாதவர்களை அங்கேயும் கணக்கெடுத்துக் கப்பலேற்றுகிறார்களாம். மீன் வியாபாரம் செய்யும் ஒரு சீன முதலாளி, அங்கே தவுக்கே என்பார்கள், அவனுக்கு வேலை தர யோசிக்கிறார், பேசி எழுதி வாங்க மலாயும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும், பாய்ப்படகுப் பந்தயத்துக்கு முதல் நாளே கிராணி ஐயா வந்தால் நல்லது என்று இருந்தது. என்மேல் கோபம் என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிம்பாங் ரெங்கத்தில் பஸ். குளுவாங் வரை நாற்பது காசு. அங்கிருந்து மெர்சிங் அறுபது மைல், ஒரு வெள்ளி எண்பது காசு. காஹாங் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடுதான். ஜெமாலுவாங்கில் பஸ் அரை மணி நேரம் நிற்கும். டிரைவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என்று அர்த்தம். நான் அவரிடம் பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கட்டுமரம் ஒண்ணும் போவுதாமே, நெசமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "அஞ்சு கட்டைய கயித்துல கட்டிக்கிட்டு எண்டாவுக்குப் போறானாம் ஒரு தமிழாளு. ஊரே சிரிக்குதுங்க."

மெர்சிங் சேரும்போது மணி இரண்டு.

சூசையின் குடிசை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. மரியாயிக்கு ஏழு மாதம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், "வாங்க" என்றாள். சூசை என்னைக் கரைக்கு அழைத்துப்போய்த் தன் கட்டுமரத்தைக் காட்டினான். ஐந்து கட்டைகள், நடுக்கட்டை நீளமாக, முன்னும் பின்னும் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. பழுப்பு நிறத்தில் ஒரு பாய். பக்கத்தில் மலாய்க்காரர்களின் கோலேக் படகுகள் ஒன்பது நின்றன. மெலிந்து நீண்ட உடல், வண்ணம் அடித்த மூக்கு, உயரமான பாய்மரம். அவற்றுக்கு நடுவில் சூசையின் மரம் ஆற்றில் அடித்துவந்து ஒதுங்கியதுபோல் கிடந்தது.

தவுக்கே வைத்த நிபந்தனை எளிமையானது. ஜெயிக்க வேண்டாம். இந்தக் கட்டை இருபது மைல் கடலில் உடையாமல், இரண்டு ஆளோடு, பொழுது சாய்வதற்குள் எண்டாவ் போய்ச் சேரட்டும். சேர்ந்தால் சூசைக்கு மீன் பிடிக்கும் வேலை. 'இவன் என் ஆள்' என்று முத்திரை போட்ட கடிதமும் தருவார். அந்தக் கடிதம் இருந்தால் கப்பலேற்ற மாட்டார்கள். சேராவிட்டால் ஒன்றுமில்லை.

"ரெண்டாவது ஆளு யாரு?" என்று கேட்டேன்.

"வேலுன்னு ரோட்டுல கூட வேலை செஞ்சவன், ஐயா. கெட்டிக்காரன்."

அந்தக் கெட்டிக்காரன் மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குளிர்காய்ச்சலில் பல் கிட்டிப் படுத்திருந்தான். மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. சூசை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா, ஐயா?"

"வாய்க்கால்ல நீந்துவேன். சூசை, இது நடக்கிற காரியமா? நான் நாற்காலியில உக்கார்ற ஆளு."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கனத்துக்கு உக்காந்தா போதும். காத்து நின்னா துடுப்பு போடுங்க."

மரியாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. சட்டையையும் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். ஒரு புட்டித் தண்ணீர், அவித்த மரவள்ளிக்கிழங்கு நாலு துண்டு. அவ்வளவுதான் எங்கள் சாமான்.

ஆறேகால் மணிக்குச் சேகண்டி அடித்தார்கள். கரைக்காற்று இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கோலேக்குகள் பாயை விரித்து ஒருபக்கமாகச் சாய்ந்து, பறவைக் கூட்டம் எழும்புவதுபோல் போய்விட்டன. நாங்கள் பின்னால் போனோம். கட்டுமரத்தில் போவதென்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: படகில் நீங்கள் தண்ணீருக்கு மேலே இருப்பீர்கள், இதில் தண்ணீரிலேயே இருப்பீர்கள். கட்டைகளின் இடுக்கு வழியாகக் கடல் ஏறி இறங்கும். முதல் ஐந்து நிமிடத்தில் இடுப்புவரை நனைந்துவிட்டது. அதன்பிறகு அன்று முழுவதும் நான் காயவில்லை.

ஏழரை மணிக்கு ஆயர் பாப்பான் கடற்கரை இடது பக்கம் தெரிந்தது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். காற்று நன்றாக இருந்தது. பின்தங்கிய கோலேக் ஒன்றை எட்டிப் பிடிக்கவும் செய்தோம். அதில் ஐந்து பேர். பின்னால் சுக்கான் பிடித்த நரைத்த மீசைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "அலமாக்! இது மிதக்கவும் செய்யுதா?" என்று மலாயில் கத்தினார். அவர் பெயர் பாக் மாட் என்று பிறகு தெரிந்தது. அரை மணி நேரம் பக்கத்திலேயே வந்தார்கள். பிறகு அவர்களுக்கு எங்கிருந்தோ கூடுதலாகக் காற்று கிடைத்தது, முன்னே போய்விட்டார்கள்.

ஒன்பதரைக்குத் தஞ்சோங் ரெசாங் முனையைத் தாண்டியபோது காற்று நின்றது. பாய் கந்தலாய்த் தொங்கியது. கடல் தகரம்போல் ஆகி வெயிலைத் திருப்பி எங்கள் முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் முழங்காலிட்டுத் துடுப்புப் போட ஆரம்பித்தோம். பத்து மணி. பதினொரு மணி. கரையில் ஒரு வளைந்த தென்னை இருந்தது. அதையே பார்த்துத் துடுப்புப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் அந்தத் தென்னை எனக்கு நேராகவே நின்றது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. நடுவில் ஒரு முறை துடுப்பைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். தலை கட்டையில் முட்டியபிறகுதான் தெரிந்தது.

சூசை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"எங்க பேர ஏன் ஐயா முதல்ல எழுதினீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் எட்டு மாதமாகப் பதில் வைத்திருந்தேன்.

"துரை இருபத்திரண்டு பேரு கேட்டாரு, சூசை. பிள்ளை இல்லாதவங்களா பாத்து எழுதினேன். பிள்ளைக்குட்டிக்காரங்கள எப்படி அனுப்புறது, நீயே சொல்லு."

அவன் பத்துப் பதினைந்து முறை துடுப்பு வலித்தான்.

"பிள்ளை இருந்துச்சு, ஐயா. பொண்ணு. வரும்போது கப்பல்ல வாந்தியும் பேதியும் வந்து போயிருச்சு. ஆறு மாசம். துணியில சுத்திக் கடல்ல போட்டாங்க."

துடுப்பு என் கையில் அப்படியே நின்றது. அவர்கள் தோட்டத்துக்கு வந்த அன்று பதிவு எழுதியவனும் நான்தான். 'குழந்தைகள்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். மரியாயி அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றது நினைவுக்கு வந்தது. பயணக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

"இப்ப இது உண்டாயிருக்கு. கப்பல்ல மட்டும் ஏற மாட்டேன்னு சொல்லிட்டா. வெட்டிப் போட்டாலும் ஏற மாட்டாளாம். அவ சொல்றது தப்பா, ஐயா?"

"இல்ல" என்றேன். பிறகு, "எனக்குத் தெரியாது, சூசை. நான் கேக்கல" என்றேன்.

"துடுப்பு போடுங்க" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, இன்னும் எட்டு மைல் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குப் பென்யாபோங் கிராமம் கண்ணில் பட்டது. அதே நேரத்தில் மலைப்பக்கம் வானம் கறுத்தது. கொஞ்சம் முன்னால் ஐந்து கோலேக்குகள் பாயை இறக்கிவிட்டுக் கரையை நோக்கி அவசரமாகத் துடுப்புப் போட்டன. பாக் மாட்டின் கோலேக்கும் அதில் ஒன்று. அவர் எழுந்து நின்று எங்களுக்குக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"சூசை, நாமளும் ஒதுங்குவோம்" என்றேன்.

"ஒதுங்கினா பொழுது போயிடும். அவங்க படகுல தண்ணி ஏறினா முழுகிடும். இதுல ஏற என்ன இருக்கு? ஏறுற தண்ணி எறங்கிப் போயிடும்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டிக் கட்டினான்.

மழை வருவதற்கு முன் காற்று வந்தது. தரையிலிருந்து அடித்த காற்று. எங்களை நேராகக் கடலுக்குள் தள்ளியது. இரண்டு நிமிடத்தில் கரை மறைந்துவிட்டது. நடுக்கட்டையைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்தேன். அலை என்மேல் ஏறி இறங்கியது, சூசை சொன்னதுபோலவே. முன்பக்கக் கயிறு நைந்து பிரியத் தொடங்கியதைக் கட்டை ஒன்றோடொன்று மோதும் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

"வேட்டியக் குடுங்க, ஐயா!"

அவிழ்த்துக் கொடுத்தேன். அவன் அதை நீளவாக்கில் கிழித்து முறுக்கினான். நான் கட்டைகளைக் கால்களால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் தண்ணீரில் இறங்கி அடிவழியாகச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். ஒவ்வொரு முறை அவன் தலை உள்ளே போகும்போதும் எண்ண ஆரம்பித்தேன். ஒரு முறை இருபத்தேழு வரை போனேன். கடைசிச் சுற்றுக்குள் வலது ஓரக் கட்டை நழுவிப் போய்விட்டது. மழைக்குள் அது போவதை இரண்டு பேரும் பார்த்தோம். மற்ற நான்கும் நின்றன.

மூன்றேகாலுக்கு மழை விட்டது. கரை மெல்லிய பச்சைக் கோடாக வெகுதூரத்தில் இருந்தது. நல்ல வேளையாக ஒரு இளங்காற்று கடலிலிருந்து திரும்பியது. நனைந்த பாயை ஏற்றினோம். ஒதுங்கியிருந்த கோலேக்குகளும் வெளியே வந்து, எங்களுக்கும் கரைக்கும் நடுவே ஒவ்வொன்றாக எண்டாவை நோக்கிப் போயின. யாரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

எண்டாவ் ஆற்று வாயில் நாங்கள் தரை தட்டியபோது ஐந்து நாற்பது. சூரியன் மரங்களுக்குமேல் ஒரு முழம் இருந்தது. பத்தில் பத்தாவது. பரிசாக வைத்த அரிசி மூட்டையும் பாய்த்துணியும் எப்போதோ கொடுத்து முடிந்திருந்தன. எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் மடங்கியது. யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பாக் மாட். "செத்துட்டீங்கன்னு நெனச்சேன். மூணு மணியிலேருந்து கடலையே பாத்துக்கிட்டிருக்கேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அரைக்கால்சட்டையோடு நின்ற எனக்கு ஒரு சாரத்தைக் கொண்டுவந்து சுற்றிவிட்டார்.

தவுக்கே குடையோடு வந்தார். மோட்டார் படகில் மதியமே வந்து சேர்ந்துவிட்டவர். கட்டைகளைக் குடை நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"அஞ்சு கட்டை கெளம்பிச்சு, நாலுதான் வந்திருக்கு" என்றார் சந்தை மலாயில். "தா போலே, முடியாது. அடுத்த தடவை மூணு வரும். அதுக்கடுத்த தடவை ஆளு மட்டும் வரும்."

நான் அவருக்குப் பதில் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஆனால் வாயில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. யோசித்து வைத்திருந்த நல்ல மலாய் வாக்கியமெல்லாம் மறந்துவிட்டது.

"கட்டை போச்சு, தவுக்கே" என்றேன். "ஆளு போகல. அவன் தண்ணிக்கு அடியில போய்க் கட்டினான். எட்டு தடவை. நான் மேல படுத்துக்கிட்டு எண்ணினேன்." மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

தவுக்கே தலையை ஆட்டினார். மரத்தை நம்பி ஆள் வைக்க முடியாது என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அவர் வியாபாரி. அப்போது பாக் மாட் குறுக்கிட்டார்.

"மரம் வேணாம் லா. ஆளை எனக்குக் குடுங்க. என் மச்சான் சிங்கப்பூர் போயிட்டான். எனக்கு ஒரு கை குறையுது, நான் பிடிக்கிற மீன் உங்களுக்குத்தானே வருது. நான் பென்யாபோங்ல ஒதுங்கி நடுங்கிக்கிட்டு நின்னப்ப இவன் வெளியில நின்னான்."

தவுக்கே சூசையைப் பார்த்தார், பாக் மாட்டைப் பார்த்தார். "போலே, ஆகட்டும்" என்றார்.

அருகிலிருந்த கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். விரல் நிமிரவில்லை; பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதினேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு மோசமான கையெழுத்தில் நான் எழுதியதில்லை. தவுக்கே முத்திரை குத்தினார். வெளியே வந்து சூசையிடம் கொடுத்தேன். அவன் மரத்தைப் பிரித்து, நல்லதாக இருந்த கயிற்றை மட்டும் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டைய என்ன பண்ணப் போற?"

"விறகுக்கு யாராச்சும் எடுத்துக்குவாங்க."

"சந்தோஷம்தானே, சூசை?"

"அவ கப்பலேற வேணாம்ல, ஐயா" என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தவுக்கேயின் மோட்டார் படகில் மீன் கூடைகளுக்கு நடுவே நான் முதலில் திரும்பினேன். சூசை பாக் மாட்டோடு கோலேக்கில் பின்னால் வந்தான். ஒன்பது மணிக்கு மெர்சிங் துறையில் மரியாயி நின்றிருந்தாள். படகில் நான் தனியாக, யாருடைய சாரத்தையோ கட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்தாள். அவள் கை வயிற்றுக்குப் போனது. நான் பதறிப்போய் எழுந்து கத்தினேன்:

"வேலை கெடச்சிருச்சு! நல்லா இருக்கான்! பின்னால வர்றான்!"

அவள் துறைப் பலகையிலேயே உட்கார்ந்தாள். நான் கரையேறிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், பாக் மாட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, என் குரல் எனக்கே பிடிக்காமல், "பிள்ளையப் பத்தி நேத்துதான் சொன்னான். கடல்ல போட்டாங்கன்னு. எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"போட்டாங்கன்னா சொன்னாரு?" என்றாள் மரியாயி. "அவருதான் போட்டாரு. வேற யாரையும் தொட விடல. ஊர்ல மீன் பிடிச்ச மனுசன், அதுக்கப்புறம் கடலப் பாக்க மாட்டாரு, மீன் தின்ன மாட்டாரு. பால் மரம் வெட்டியே காலத்த ஓட்டிடலாம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப எனக்காகக் கடலுக்குப் போறாரு."

பத்து மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது இரண்டு மணிக்கு. கோலேக் வரும்வரை அவளோடு காத்திருந்தேன். அந்த நேரத்தில், போக நினைப்பவர்களுக்காக இவற்றைக் குறித்து வைத்தேன். பந்தயத்துக்கு முதல் நாளே மெர்சிங் போய்விட வேண்டும். அன்று காலை பஸ்ஸில் போனால் ஒன்றும் பார்க்க முடியாது. தங்க, ஆற்றங்கரைச் சீனர் கடைகளுக்கு மாடியில் அறை கிடைக்கும், ஒரு இரவுக்கு அறுபது காசு. கொசுவலை இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கொய்னா மாத்திரை எடுத்துப் போங்கள், வேலுவின் நடுக்கத்தைப் பார்த்தவன் சொல்கிறேன். புறப்பாட்டைத் துறையிலிருந்து பார்க்கலாம். முடிவைப் பார்க்க வேண்டுமானால் மீன் ஏற்றும் மோட்டார் படகில் கேட்டால் எண்டாவுக்கு ஏற்றிக்கொள்வார்கள், ஐம்பது காசு, மூன்று மணி நேரம். குடை உதவாது, தொப்பி வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழை, அந்தப் பக்கமே போகாதீர்கள். களைப்பைப் போக்கிக்கொள்ள என்று யாராவது போவதானால் வேறு ஊர் பார்ப்பது நல்லது.

ஒரு மணிக்குக் கோலேக் ஆற்றுக்குள் வந்தது. சூசை இறங்கி வந்தான். முகம் வெயிலில் கறுத்து உதடு வெடித்திருந்தது. மரியாயி சொம்புத் தண்ணீரை நீட்டினாள். குடித்தான்.

"மறுபடி எப்போ?" என்றாள்.

"நாளைக்குக் காலையில. ஆறு மணிக்கு."

"நானும் வர்றேன்."

"எங்க வர்ற? இந்த நெலமையில நீ எதுக்கு?"

"கரையில நிக்கிறேன்" என்றாள் மரியாயி. "நீங்க கடலப் பாக்க வேணாம். என்னப் பாத்துக்கிட்டே போங்க."